கூகுள் சொல்ற தூரமும் பாட்டி வீட்டுத் தூரமும்

ஃபைனல் இயர் மக்களே, ஒரு சின்ன எக்ஸ்பெரிமென்ட். ஃபோனை எடுத்து, சென்னைக்கும் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கும் விமான தூரம் எவ்வளவுன்னு தேடிப் பாருங்க. ஒரே நொடியில் பதில் வரும்: ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். பக்கத்திலேயே பயண நேரம்னு ஒரு எண்ணும் இருக்கும். 15 மணி, 16 மணி, 17 மணின்னு இடத்துக்கு இடம் மாறும். பார்த்ததும் மனசுக்குள்ள என்ன ஓடும்? "அட, இவ்வளவுதானா? ராத்திரி படுத்து எழுந்தா அங்க இருப்போம் போல."

இந்த ரெண்டு எண்ணையும் நம்பித்தான் நம்ம டிபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் எம்.எஸ். முடிவு எடுக்கிறோம். நான் மட்டும் விதிவிலக்கில்லை. எனக்கும் ஒரு அட்மிட் வந்திருக்கு. ஆனா போன டிசம்பர்ல எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் இந்த எண்களை நான் வேற மாதிரி படிக்க ஆரம்பிச்சேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் கணக்கு, அப்புறம் வீடு.

கோடு எங்கே போகுது?

அந்த 13,900 எப்படி வருதுன்னு நமக்குத் தெரியும். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள ஒரு உருண்டைன்னு வெச்சுக்கறோம். ரெண்டு விமான நிலையத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை ஹேவர்சைன் சூத்திரத்தில் போடறோம். பெருவட்டத்தின் வழியே வர்ற மிகக் குறைந்த தூரம் கிடைக்குது. பைத்தான்ல அஞ்சு வரி. ரெண்டாம் வருஷத்துப் பையன் எழுதிடுவான்.

ஆனா அந்தக் கோடு எந்த வழியா போகுதுன்னு யாராவது பார்த்திருக்கோமா? சுவரில் மாட்டியிருக்கிற உலகப்படத்தைப் பார்த்தா, வங்காள விரிகுடாவைத் தாண்டி பசிபிக் மேல நேரா போற மாதிரி தோணும். உண்மையில் மீனம்பாக்கத்திலிருந்து அது கிளம்புற திசை வடக்கிலிருந்து வெறும் 22 டிகிரி கிழக்கே. நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து புள்ளி புள்ளியா போட்டுப் பார்த்தேன். கோடு எவரெஸ்ட் சிகரத்தை ஏறக்குறைய உரசிக்கிட்டு போகுது. அப்புறம் திபெத், மங்கோலியா, சைபீரியா, பெரிங் நீரிணை, அலாஸ்கா. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே வரைக்கும் ஏறி இறங்குது. நம்பலைன்னா நீங்களே போட்டுப் பாருங்க.

இப்ப கேள்வி: எந்த விமானி இந்தக் கோட்டில் பறப்பார்? திபெத் பீடபூமி சராசரியா 4,500 மீட்டர் உயரம். நடுவானத்தில் கேபினில் காற்றழுத்தம் போச்சுன்னா விமானம் உடனே 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்கணும். தலைக்கு மேல தொங்கற ஆக்ஸிஜன் மாஸ்க் பொதுவா கால் மணி நேரம் அளவுக்குத்தான் தாங்கும். கீழே தரையே 4,500 மீட்டரில் இருந்தா எங்க இறங்கறது? அதனால பெரும்பாலான விமானங்கள் அந்தப் பகுதியைச் சுத்திக்கிட்டுதான் போகும். ஆக, நாம பார்த்த 13,900 என்பது யாரும் பறக்காத ஒரு வழியோட நீளம்.

அந்த வழியில் பறக்கச் சென்னையிலிருந்து நேரடி விமானமும் கிடையாது. துபாய் வழியா போனா 2,930 கி.மீ., அப்புறம் 13,020 கி.மீ. மொத்தம் 15,950. ஃப்ராங்க்ஃபர்ட் வழியா போனா 7,590-ம் 9,150-ம் சேர்த்து 16,740. டெல்லி வழியா போனா காகிதக் கணக்கில் 14,140 தான், கிட்டத்தட்ட சுத்தே இல்லாத மாதிரி. ஆனா அதுவும் காகிதத்தோட சரி. ஏன்னு அடுத்து சொல்றேன்.

நீளமான வழி, குறைவான நேரம்

டெல்லியிலிருந்து சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா 2015 டிசம்பரில் நேரடி விமானம் ஆரம்பிச்சது. முதலில் மேற்கே அட்லான்டிக் பக்கமா போனது. 2016 அக்டோபரில் திசையை மாத்திக் கிழக்கே பசிபிக் வழியா விட்டாங்க. புது வழி 15,300 கி.மீ. பழைய வழியைவிட 1,400 கி.மீ. கூட. ஆனா பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் மிச்சம். காரணம் ஜெட் ஸ்ட்ரீம். மேற்கிலிருந்து கிழக்கே மணிக்கு 150, 200 கி.மீ. வேகத்தில் ஓடற காத்தாறு. அதோட போனா தள்ளிவிடும், எதிர்த்துப் போனா பிடிச்சு இழுக்கும். தூரம் கூடினா நேரமும் கூடும்னு நினைக்கிற நம்ம எல்.கே.ஜி. நம்பிக்கை அங்கேயே உடைஞ்சுடுது.

காத்து மட்டுமா? எல்லைக்கோடும் இருக்கு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போன ஃபின்ஏர் விமானம் வட துருவத்தைச் சுத்தி 13 மணி நேரம் போக வேண்டியதாச்சு. ஹெல்சிங்கியும் நகரலை, டோக்கியோவும் நகரலை. நம்ம பக்கத்தில் 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போற விமானங்களுக்கு இதே கதைதான்.

இன்னும் பக்கத்து உதாரணம் வேணுமா? சென்னையிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 420 கி.மீ. யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355 கி.மீ. ஆமா, யாழ்ப்பாணம் நமக்கு மதுரையைவிட கிட்ட. ஆனா 2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமா திறக்கப்படுற வரைக்கும், பல பத்தாண்டுகளா, யாழ்ப்பாணத்தில் இருக்கிறவங்க சென்னைக்கு விமானம் ஏறணும்னா முதலில் தெற்கே 400 கி.மீ. போய்க் கொழும்பைப் பிடிக்கணும். அங்கிருந்து திரும்ப வடக்கே பறந்து வரணும். ஒரு மணி நேரச் சொச்சத் தூரத்துக்கு ஒரு முழு நாள். அந்த நாளைத் தின்னது கடல் இல்லை, போர்.

நம்ம ஹாஸ்டல்ல நாகர்கோவில் பசங்க இருக்காங்க. அவங்களுக்கு இது பாடமே வேண்டாம். எழும்பூரில் சாயங்காலம் ரயில் ஏறினா ஊர் போய்ச் சேர ஏறக்குறைய 12 மணி நேரம். மீனம்பாக்கத்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம், 8,230 கி.மீ., சுமார் 10, 11 மணி நேரம். கிலோமீட்டரை வெச்சு யார் வீடு தூரம்னு சொல்லவே முடியாது.

46 மணி 40 நிமிஷம்

இப்ப வீட்டுக்கு வர்றேன்.

எங்க பாட்டி வீடு மயிலாப்பூர், கச்சேரி ரோடு பக்கம். பெரியப்பா பையன், எங்க அண்ணா, அங்கதான் வளர்ந்தான். பெரியப்பாவுக்கு வேலை ஊர் ஊரா மாறினதால, ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ப்ளஸ் டூ வரை அவனுக்குச் சாப்பாடு போட்டது, தலைவாரி விட்டது, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து போட்டது எல்லாம் பாட்டிதான். இப்ப அவன் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறான்.

டிசம்பர்ல ஒரு புதன்கிழமை காலை 10.10-க்குப் பாட்டி போயிட்டாங்க. அங்க அவனுக்குச் செவ்வாய் ராத்திரி 8.40. அடுத்த நிமிஷமே அவனுக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "அவன் எப்ப வருவான்?" நான் ஃபோனைத் தட்டி, பெரிய இன்ஜினியர் மாதிரி, "ஒரு பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகும், மிஞ்சிப்போனா இருபது"ன்னு சொன்னேன். சொன்னது நான்தான். அதை நம்பித்தான் ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஒரு நாள்னு சொன்னாங்க.

நடந்தது இது. அன்னிக்கு ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் இருந்தது. ஆனா பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, மேனேஜருக்குச் சொல்லி, 50 கி.மீ. தள்ளியிருக்கிற விமான நிலையத்துக்குப் போறதுக்குள் கவுன்டர் மூடிடும். அடுத்தது புதன் மதியம் 3.45, வளைகுடா வழியா. வழக்கமான விலையைப்போல ரெண்டு மடங்கு. ஏறினான். 15 மணி 45 நிமிஷம் பறந்தான். அங்க 6 மணி நேரம் காத்திருந்தான். அடுத்த விமானம் 4 மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினான். இமிக்ரேஷன், டாக்ஸி, கிண்டி, அடையாறு, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ரோடு எல்லாம் தாண்டி, 8.50-க்கு வீட்டு வாசல்.

கூட்டிப் பாருங்க. ஃபோன் அடிச்சதிலிருந்து 46 மணி 40 நிமிஷம். அதில் வானத்தில் இருந்தது 19 மணி 45 நிமிஷம். மீதி 26 மணி 55 நிமிஷம் தரையில். 13,900-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தா 15 மணி 27 நிமிஷம் வரும். உண்மை அதுக்கு மூணு மடங்கு. வீட்டிலிருந்து வீட்டுக்குச் சராசரி வேகம் போட்டா மணிக்கு 298 கி.மீ. கிட்டத்தட்ட புல்லட் ரயில் வேகம்.

வியாழக்கிழமை காலை 8 மணிக்குப் பெரியவங்க உட்கார்ந்து பேசினாங்க. "ரெண்டாவது ராத்திரியும் வெச்சுக்க முடியாது"ன்னு ஒருத்தர். "அவன் வந்துடட்டுமே, அவளோட பிள்ளை மாதிரி"ன்னு இன்னொருத்தர். கடைசியில் 11 மணிக்கு எடுத்துட்டாங்க. பெசன்ட் நகர் மயானம். அந்த நேரத்தில் அண்ணா வட துருவத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ பறந்துக்கிட்டிருந்தான். அன்னிக்கு ராத்திரி வளைகுடாவில் இறங்கி ஃபோனை ஆன் பண்ணினப்பதான் மெசேஜைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை வந்து, பாட்டி கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழிச்சு ஒரே கேள்விதான் கேட்டான். "காத்திருக்க வேண்டாம்னு முடிவு பண்ணது யாரு?" யாரும் பதில் சொல்லலை. யார் மேலயும் தப்பில்லை. அப்படி ஒரு நாள் வந்தா என்ன செய்யணும்னு யாரும் முன்னாடி பேசினதே இல்லை. அவனும் சொன்னதில்லை. பாட்டியையும் யாரும் கேட்டதில்லை.

ராமானுஜன் காலத்தில்

இதைப் படிச்சுட்டு, "அந்தக் காலத்தைவிட இப்ப எவ்வளவோ மேல்"னு சிலர் சொல்வீங்க. சரிதான். மயிலாப்பூருக்குப் பக்கத்துப் பேட்டையான திருவல்லிக்கேணியில் இருந்த ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று மெட்ராஸ் துறைமுகத்தில் நெவாசா கப்பல் ஏறினார். லண்டன் சேர்ந்தது ஏப்ரல் 14. 28 நாள். இன்னிக்கு அதே லண்டன் 11 மணி நேரம். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்து, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸுக்குக் கொண்டுவந்தபோது அதுவே பெரிய வேகம். அதெல்லாம் பார்த்தா 46 மணி நேரம் ஒண்ணுமே இல்லை.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ராமானுஜன் காலத்தில் கடிதமும் மனுஷனும் ஒரே கப்பலில், ஒரே வேகத்தில் வந்தாங்க. தந்தி இருந்தது. ஆனா தந்தி கிடைச்ச மனுஷன் உடனே வந்து நிற்பான்னு யாரும் எதிர்பார்க்கலை. கப்பல் ஏறினவன் ஏறினவன்தான். வீட்டில் இருந்தவங்களும் அந்தக் கணக்கோடதான் வழியனுப்பினாங்க. யாருக்காகவும் ஐஸ் வாங்கி வெச்சுக் காத்திருக்கலை.

இன்னிக்குச் செய்தி ஒரு நொடிக்குள்ள போகுது. உடம்பு மட்டும் ரெண்டு நாள் கழிச்சு வருது. நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான் புது விஷயம். வீடியோ காலில் பாட்டி முகத்தைப் பார்த்துட்டு, அப்புறம் 46 மணி நேரம் எதுவும் செய்ய முடியாம ஒரு சீட்டில் உட்கார்ந்திருக்கிறது ராமானுஜனுக்குத் தெரியாத துன்பம். "வீடியோ கால் இருக்கே"ன்னு சமாதானம் சொல்றவங்ககிட்ட நான் சொல்றது இதுதான்: வீடியோ கால் தூரத்தைக் குறைக்கலை. நாம கிட்டத்தில்தான் இருக்கோம்னு ரெண்டு பக்கமும் நினைச்சுக்க வைக்குது. அது நல்லதுதான், ஒரு நாள் தவிர.

அப்ப போகவே கூடாதா?

அப்படிச் சொல்ல நான் யாரு? தி.நகரில் நகைக்கடை வேலை, அடையாறில் ஐ.டி. வேலை எல்லாம் பார்த்து, பிள்ளைங்களைப் படிக்க வெச்ச அப்பா அம்மாக்கள் கனவில் விமானம் பறக்குது. போங்க. நானும் போகலாம். நான் சொல்ல வர்றது வேற. பல்கலைக்கழக ரேங்க், ஃபீஸ், அந்த ஊர்க் குளிர், இந்தியக் கடை இருக்கான்னு எல்லாம் எக்ஸெல்லில் போடறோம் இல்லையா? அதில் ஒரு காலம் கம்மியா இருக்கு. "வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு, மோசமான நாளில், எத்தனை மணி நேரம்?" என்கிற காலம்.

அதைப் போட்டா சில விஷயம் தலைகீழா மாறும். இங்கிருந்து நேரடி விமானம் இருக்கிற லண்டனும் ஃப்ராங்க்ஃபர்ட்டும், 2,900 கி.மீ. தள்ளி நாலு மணி நேரத்தில் இருக்கிற சிங்கப்பூரும் ஒரு வகை. அமெரிக்காவில் நடுவில் எங்கேயோ ஒரு சின்ன ஊரில் இருக்கிற நல்ல பல்கலைக்கழகம் வேற வகை. அங்கிருந்து பெரிய விமான நிலையத்துக்கு வரவே ஒரு விமானமோ அஞ்சு மணி நேர பஸ்ஸோ. மூணு விமானம் மாறணும். ஒண்ணு தவறினா இன்னொரு நாள் போச்சு. ரேங்கில் ரெண்டு இடம் கீழே இருக்கிற வேற காலேஜ் பெரிய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தா, ஒருவேளை உங்க வீட்டு நிலைமைக்கு அதுதான் சரி. வீட்டில் வயசானவங்க யார், உடம்பு முடியாதவங்க யார், நீங்க ஒரே பிள்ளையான்னு பொறுத்து ஆளாளுக்கு விடை மாறும். கணக்குப் போடாம இருக்கிறதுதான் தப்பு.

சென்னைக்கு ஏன் நேரடி அமெரிக்க விமானம் இல்லைன்னு கேட்டா "தூரம் அதிகம்"னு சொல்வாங்க. பெங்களூர்லேருந்து சான் ஃப்ரான்சிஸ்கோ சுமார் 14,000 கி.மீ. நம்மளைவிட 100 கி.மீ. கூடவே. ஆனா 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அதை நேரடியா இணைச்சது. முதல் விமானத்தை கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே வட துருவம் வழியா ஓட்டிட்டு வந்தாங்க. பதினேழு மணி நேரத்துக்கும் மேல. ஆக, தூரம் காரணமில்லை. எந்த ஊர்லேருந்து எத்தனை பேர், என்ன விலைக்கு டிக்கெட் வாங்கறாங்க என்பதுதான் காரணம். உங்க வீட்டுக்கும் நீங்க இருக்கப்போற ஊருக்கும் நடுவில் உள்ள நேரத்தை முடிவு பண்றதில் பூமியோட ஆரத்துக்குப் பங்கு ரொம்பக் கம்மி.

காகிதத்துக்கும் நேரம் உண்டு

இன்னொரு தாமதத்தை எந்தத் தேடலும் காட்டாது. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் உங்க பாஸ்போர்ட்டில் ஒட்டற எஃப்-1 விசாவுக்கு ஒரு காலாவதி தேதி இருக்கு. அது முடிஞ்சாலும் நீங்க அங்க சட்டப்படி படிக்கலாம், அதில் சிக்கலில்லை. ஆனா வெளியே வந்துட்டா, திரும்ப உள்ள போகப் புது விசா வேணும். ஐ-20-இல் பயணக் கையெழுத்து இருக்கணும். அதுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு, படிப்பு முடிஞ்சு ஓ.பி.டி.-யில் இருந்தா ஆறு மாசம். இது எதுவும் சரியா இல்லாதவனுக்கு ஃபோன் அடிக்கும்போது, "எத்தனை மணி நேரத்தில் வரலாம்?" என்கிற கேள்வி, "வந்தா திரும்பிப் போக முடியுமா?"ன்னு மாறிடும். அந்த ஒரு கேள்வியால வராம இருந்துட்டவங்க நிறைய. அவங்களைக் கல்மனசுக்காரங்கன்னு தூரத்துச் சொந்தம் பேசும். கையில் இருக்கிற காகிதத்தைப் பத்திப் பேசாது.

அதனால போறவங்க இந்த வேலைகளைச் செஞ்சுட்டுப் போங்க.

முதலாவது, வாசல் டு வாசல் கணக்கை நீங்களே எழுதுங்க. டிக்கெட் தேட, கிளம்ப, விமான நிலையம் போக, பறக்க, காத்திருக்க, மீனம்பாக்கத்திலிருந்து வீடு வர. ஒவ்வொண்ணுக்கும் நல்ல நாள், கெட்ட நாள்னு ரெண்டு எண். கெட்ட நாள் எண்ணை வீட்டில் சொல்லுங்க. நான் பாட்டி வீட்டில் சொன்ன மாதிரி பதினாறுன்னு சொல்லாதீங்க.

ரெண்டாவது, கடைசி நிமிஷ டிக்கெட் ஒண்ணுக்கான காசைத் தனியா வெச்சிருங்க. வேலை கிடைச்சதும் வாங்கற முதல் பொருள் அதுவா இருக்கட்டும்.

மூணாவது, பாஸ்போர்ட், விசா, ஐ-20 கையெழுத்து மூணோட தேதியையும் ஃபோன் காலண்டரில் போட்டு, முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அலாரம் வைங்க. எல்லாம் ஒரே உறையில், ஒரே இடத்தில்.

நாலாவது, "அவன் பாவம், அங்க பயந்துடுவான், சொல்லாதே" என்கிற வழக்கத்தை வீட்டில் இப்பவே நிறுத்தச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்னிக்கே சொன்னா நேரம் இருக்கும். ஐ.சி.யூ.-வில் மூணாம் நாள் சொன்னா எந்த விமானமும் உதவாது. எங்க பாட்டிக்கும் ஒரு வாரமாவே மூச்சு வாங்கிக்கிட்டிருந்தது. அண்ணாகிட்ட "சளி"ன்னு சொல்லி வெச்சிருந்தோம். அந்த 46 மணி நேரத்தை நாங்க அவனுக்கு ஒரு வாரம் முன்னாடியே கொடுத்திருக்கலாம்.

அஞ்சாவதுதான் கஷ்டம். அப்பா அம்மாவை உட்கார வெச்சுக் கேளுங்க. "ஒரு நாள் அப்படி ஆச்சுன்னா எனக்காகக் காத்திருக்கணுமா, வேண்டாமா?" அபசகுனம்னு சொல்வாங்க. வாயைக் கழுவச் சொல்வாங்க. பரவாயில்லை.

நான் போன ஞாயித்துக்கிழமை கேட்டேன். சாயங்காலம் அம்மாவோட கபாலீஸ்வரர் கோவிலுக்குப் போயிட்டு, தெப்பக்குளத்துப் படிக்கட்டுப் பக்கமா நடந்து வந்துக்கிட்டிருந்தோம். நான் கணக்கு எழுதின பேப்பரைக் காட்டினேன். நல்ல நாள் 27, கெட்ட நாள் 50. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா படிச்சாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "காத்திருக்க வேண்டாம். ஆனா உடம்பு முடியலைன்னா முதல் நாளே சொல்லிடறேன். நீ அப்ப வந்துடு, பேசிக்கிட்டிருக்கலாம்"னாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. "இதில் அங்க உனக்கு உடம்பு சரியில்லைன்னா நான் வர எத்தனை மணி நேரம்னு போடலையே?"

நிஜமாவே போடலை. அம்மாகிட்ட பாஸ்போர்ட்டே இல்லை. அப்ளிகேஷன் போட்டிருக்கோம்.

அட்மிட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. உங்கள்ல பல பேருக்கும் அவ்வளவுதான் இருக்கும். அதுக்குள்ள ஒரு சாயங்காலம் அந்தப் பேப்பரை எழுதி, வீட்டில் யாராவது ஒருத்தரோட உட்கார்ந்து பேசிடுங்க.